புல்வெளியில் பதினொரு மேடுகள்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பூவாரில் நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டுக்கு விருந்தாளிகள் படகில்தான் வந்து சேர வேண்டும். ரோடு இல்லாமல் இல்லை. நல்ல தார் ரோடு பின்வாசல் கேட் வரைக்கும் உண்டு. காலையில் பாறசாலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் நான் அந்த ரோட்டில் இறங்கி, ஐந்து நிமிடம் நடந்தால் கையில் மண்வெட்டி வந்துவிடும். காரில் வருகிற விருந்தாளியை அதே ரோட்டில் அரை கிலோமீட்டர் முன்னாலேயே இறக்கி, படகில் ஏற்றி, தண்ணீரில் நிற்கும் கண்டல் செடிகளுக்கு நடுவே இருபது நிமிடம் சுற்றவிட்டு, நான் நிற்கும் இடத்துக்கே கொண்டுவந்து சேர்ப்பார்கள். இறங்கியதும் அவர் ஊர் உலகத்தை எல்லாம் விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாகச் சொல்லி மூச்சை இழுத்து விடுவார். அவருடைய கார் மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும். டிரைவர் டீ குடிக்கும் கடை கூட இங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

இந்த ஏற்பாடெல்லாம் பெங்களூரிலிருந்து வந்த ஒரு மேடம் வரைந்து கொடுத்தது. கட்டடம் கட்டியவர் வேறு ஆள். தோட்டம், பாதை, புல், விளக்கு, எந்த இடத்தில் நின்றால் எது தெரிய வேண்டும், எது தெரியக்கூடாது என்பதெல்லாம் மேடத்தின் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே மண் வேலைக்குச் சேர்ந்தவன். பிறகு தோட்டக்காரனாக நிலைத்தேன். அதற்கு முன் ஆரியங்கோட்டில் ரப்பருக்குக் குழி வெட்டியிருக்கிறேன், மரச்சீனிக் கிழங்குக்கு மண் கூட்டியிருக்கிறேன், எங்கள் சர்ச் சபையில் யாராவது இறந்தால் கல்லறைத் தோட்டத்தில் முறை வைத்துக் குழியும் வெட்டியிருக்கிறேன். தோட்டம் என்றால் ஏதாவது காய்க்கிற இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மேடத்தைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். அவருக்கு விஷயம் தெரியும். படகுத்துறையிலிருந்து வரவேற்பறைக்கு நேராக நடந்தால் நாற்பது அடிதான். அதை மேடம் மூன்று வளைவுகளாக வளைத்து, நூற்றிருபது அடி ஆக்கினார். ஒரு வளைவில் நின்றால் அடுத்த வளைவு தெரியாது. பாதை என்பது போய்ச் சேருவதற்கு என்று நம்பியிருந்த எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. ஆனால் என் கண்ணாலேயே பார்த்தேன். போனில் யாரையோ திட்டிக்கொண்டே படகிலிருந்து இறங்கிய ஒருவர் முதல் வளைவில் குரலைத் தாழ்த்தினார்; இரண்டாவதில் போனைச் சட்டைப் பையில் போட்டார்; மூன்றாவதில் நின்று ஒரு சேம்பிலையைத் தடவிப் பார்த்தார். அவர் ஊரில் சேம்பிலை கிடையாதோ என்னவோ. எங்கள் வீட்டில் அது கழிவுநீர் ஓடும் இடத்தில் நிற்கிறது.

தென்னைகளும் அப்படித்தான். விருந்தாளி தென்னை மரத்தடியில் படுக்க ஆசைப்படுவார். அவர் தலையில் தேங்காய் விழக்கூடாது. ஆகவே நெற்று ஆகுமுன்பே குலைகளை இறக்கிவிடுவோம். எந்த நேரமும் காய்ப்பில்லாமல் அழகாக நிற்பது மட்டுமே அந்த மரங்களின் வேலை. தென்னை இருக்கிற நாலு செண்டு நிலத்தில் ஒரு குடும்பம் ஒதுங்கிப் பிழைக்கும் ஊர்க்காரனுக்கு இது பழகக் கொஞ்ச நாளானது. பழகிவிட்டது. சம்பளம் காய்ப்பதற்கு அல்ல, காய்க்காமல் பார்த்துக்கொள்வதற்கு.

இனி மேடுகளின் கதைக்கு வருகிறேன்.

காயல் தண்ணீரைப் பார்த்துச் சரியும் பெரிய புல்வெளி ஒன்று உண்டு. அது வெறும் தட்டையாகக் கிடப்பது மேடத்துக்குப் பிடிக்கவில்லை. அங்கங்கே மெல்லிய மேடுகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் சாய்ந்து படுத்துத் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றார். காகிதத்தில் பதினொரு வட்டங்கள் போட்டிருந்தார். வட்டமென்று சொல்ல முடியாது, கொழுக்கட்டையைக் கையால் அமுக்கியது போல. அதைக் கொடுத்துவிட்டு இரண்டு வாரத்துக்கு வேறு ஊர் போய்விட்டார். எனக்குத் துணை அஸ்ஸாமிலிருந்து வந்த மூன்று பையன்கள். நல்ல உழைப்பாளிகள். அவர்களும் நானும் பேசிக்கொள்ள எங்களுக்குள் மொத்தம் இருபது வார்த்தைகள் இருந்தன. அதனால் அவர்களோடு எனக்கு நன்றாக ஒத்துப்போயிற்று. பொதுவாகவே எனக்கு வார்த்தை குறைவாக இருக்கிற இடம்தான் சௌகரியம்.

முதலில் மரச்சீனிக்குக் கூட்டுகிற மாதிரி உருண்டையாகப் பதினொன்றைக் கூட்டினோம். மானேஜர் வந்து பார்த்தார். இவர் பூனாவில் பிறந்து வளர்ந்த மலையாளி. சென்னையில் பத்து வருடம் ஓட்டல் வேலை பார்த்ததால் என்னிடம் தமிழில்தான் பேசுவார், மரியாதையாகவே பேசுவார். “இதுல ஆள் எப்படிப் படுக்கும்? கோழிதான் படுக்கும். நீளமா வேணும்,” என்றார்.

நீளமாக வேண்டும், ஆள் படுக்கும் நீளம் வேண்டும், மழையில் கரையக்கூடாது, நடு உயர்ந்து இருபுறமும் சரிய வேண்டும். என் கைகளுக்குத் தெரிந்தது இரண்டே மேடுகள். ஒன்றை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. கை தானாகவே மற்றதைச் செய்தது. ஆறடிக்குக் கயிறு பிடித்தேன். இரண்டரை அடி அகலம் வைத்தேன். மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி விளிம்பு வைத்தேன். காகிதத்தில் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடந்ததை வரிசையாக்கினேன், வரிசை இல்லாமல் வேலை செய்தால் எனக்குக் கை ஓடாது. எல்லாம் ஒரே திசை. மேற்கே தலை, கிழக்கே கால். ஏன் அப்படி வைத்தேன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் சரிவு அப்படி என்று சொல்லியிருப்பேன். அதுதான் உண்மை என்றும் நினைத்திருப்பேன். புல் பதித்து முடித்தபோது இத்தனை சீராக ஒரு வேலை நான் செய்ததில்லை என்று மனதுக்குள் ஒரு திருப்தி வந்தது.

மேடம் திரும்பி வந்து பார்த்தார். வரிசை அவர் நினைக்காதது. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இதில் ஒரு அமைதி இருக்கிறது என்று மானேஜரிடம் சொன்னார். அமைதியைக் கூட்டுவதற்காக ஒவ்வொரு மேட்டின் மேற்குத் தலைப்பிலும் ஒரு செவ்விளநீர்த் தென்னம்பிள்ளை வைக்கச் சொன்னார். ஓரங்களில் வெள்ளைப் பூ மட்டும் போதும், நிறம் கண்ணை இழுக்கும் என்று சொல்லி, நர்சரியிலிருந்து நானூறு நித்தியகல்யாணி வரவழைத்தார். எங்கள் பக்கம் அதற்கு வேறு பெயர், சுடுகாட்டு மல்லி. கடைசியாக ஒவ்வொரு தென்னம்பிள்ளைக்கும் அடியில் தரையோடு தரையாக ஒரு சிறு விளக்கு. சாயங்காலம் பதினொன்றும் ஒன்றாக எரிந்தபோது மானேஜர் கைதட்டினார்.

நான் அப்போதும் கவனிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் செய்தவனுக்கு மொத்தமாகப் பார்க்கத் தோன்றாது. சுடுகாட்டு மல்லியை நட்டபோது மட்டும் உள்ளே ஏதோ ஒன்று நெருடியது. நட்டு முடித்துக் கையைக் கழுவியதும் அதுவும் போய்விட்டது.

டிசம்பரில் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். அந்தப் புல்வெளிக்காகவே சிலர் தங்கும் நாட்களைக் கூட்டிக்கொண்டார்கள். யோகா கற்றுக்கொடுக்கும் ஒரு அம்மா பத்துப் பேரோடு வந்தார். தன்னோடு சேர்த்துப் பதினொரு பேர். ஆளுக்கொரு மேட்டில் மல்லாந்து, கையை விரித்து, கண்ணை மூடிக் கிடப்பார்கள். அந்த ஆசனத்துக்குப் பெயர் சவாசனம் என்று பிறகுதான் அறிந்தேன். மானேஜரும் தன் மனைவியை வரவழைத்துக் கல்யாண நாளன்று மூன்றாவது மேட்டில் படுக்கவைத்துப் படம் எடுத்தார். அதைச் சட்டம் போட்டு அலுவலக அறையில் மாட்டினார்.

மழைக்காலம் வந்ததும் அறைகள் காலியாயின. முதலாளி வந்து கூட்டம் போட்டார். ஊர்க்காரர்களின் கல்யாணங்களைப் பிடிக்க வேண்டும், ஆவணி முகூர்த்தங்களில் ஒன்றாவது இங்கே நடக்க வேண்டும் என்றார். நடக்காவிட்டால் தோட்ட வேலையைத் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனிக்குக் கான்டிராக்ட் விட்டுவிடப் போவதாகவும், அவர்கள் தங்கள் ஆட்களையும் மெஷினையும் கொண்டுவருவார்கள் என்றும் சொன்னார். எங்கள் நாலு பேருக்கும் அதன் அர்த்தம் புரிந்தது. அஸ்ஸாம் பையன்களுக்கு இளவயது, வேறு இடம் கிடைக்கும். எனக்கு நாற்பத்தொன்பது முடிந்திருந்தது. நாலாம் கிளாஸ் படிப்போடு இந்த வயதில் புது இடத்தில் போய் நின்று வேலை கேட்பதற்கு வாய் வேண்டும். என்னிடம் இல்லாதது அதுதான்.

முதலில் வந்தது ஆரியங்கோட்டிலிருந்து ஒரு ரப்பர்க் குடும்பம். பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன். படகில் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார்கள். மூன்று வளைவையும் கடந்து புல்வெளி வாசலில் வந்ததும் பேச்சு நின்றது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற மானேஜர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இடத்தின் அமைதி இறங்கிவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம்.

தாய்மாமன் மட்டும் மெல்ல என் பக்கத்தில் வந்தார். நான் ஒரு தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். காதோடு கேட்டார்: “மக்கா, இஞ்ச ஆரெல்லாம் கெடக்காவ?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் பார்க்கும் பக்கமாக நானும் பார்த்தேன். அப்போதுதான் முதல்முறையாக மொத்தமாகக் கண்டேன். வரிசையாகப் பதினொன்று, எங்கள் கல்லறைகளைப் போலவே மேற்கே தலை. தலைமாட்டில் தென்னம்பிள்ளை. எங்கள் பக்கத்து இந்து வீடுகளில் தெற்குப் புறத்தில் ஆளை அடக்கியோ எரித்தோ முடித்ததும் அந்த இடத்தில் தென்னம்பிள்ளை வைப்பார்கள். சுற்றிலும் எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிற அதே வெள்ளைப் பூ. தலைமாட்டில் விளக்கு. இரண்டு மதத்துக்கும் ஒரு குறை வைக்காமல் செய்திருந்தேன்.

“ஆருமில்ல, சும்மா மேடாக்கும்,” என்றேன். என் காதுக்கே அது பொய் போலக் கேட்டது.

அவர் என் தோளை ஒரு முறை தட்டிவிட்டுப் போனார். துக்க வீட்டில் தட்டுவது போல. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாக மானேஜரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். சொல்லவில்லை.

படகு ஓட்டுகிறவர் பூவார்க்காரர், என் வயதுதான், வாய் ஓயாதவர். அவரிடம் கேட்டேன், இது அவருக்கு முன்பே தெரியுமா என்று. “ஓய், மொத நாளே நான் தொப்பியக் களத்திட்டேன்லா,” என்றார். “நீரு தெரிஞ்சுதான் செய்யுதீருன்னு நெனச்சேன். வெள்ளக்காரனுக்கு இதும் ஒரு ரசமாக்கும்னு விட்டுட்டேன்.” அதிலிருந்து துறையில் என்னைக் காணும்போதெல்லாம், இன்றைக்குப் புதிதாக யாராவது வந்தார்களா என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது வந்தது நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு சபைக் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். புல்வெளிக்குள் காலை வைத்ததும் செருப்பைக் கழற்றினார். வரிசைகளுக்கு நடுவே, ஒன்றையும் மிதிக்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து காயல் வரைக்கும் போய்த் திரும்பினார். என்ன ஒரு மரியாதையான மனிதர், இயற்கையை எப்படி மதிக்கிறார் என்று மானேஜர் அன்று முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் பிறகு பேசவில்லை.

எனக்கு விஷயம் தெரியும். சொன்னால் மேடுகளைத் தட்டிவிடலாம், கல்யாணம் வரலாம், வேலை நிற்கலாம். ஆனால் மேடம் சொன்னது மேடு, கல்லறையாக்கியது நான். அதை எந்த வார்த்தையில் தொடங்குவது? ஒரு நாள் துணிந்து மானேஜரின் அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்து, என்ன வேண்டும் என்றார். அவர் தலைக்கு மேலே சட்டத்துக்குள் அவர் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஒரு புது ஹோஸ் வேண்டும் என்றேன். மறுநாளே வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் மறுபடி போனேன். செடி வெட்டுகிற கத்திரி கிடைத்தது. மூன்றாம் முறை போனபோது ஒரு கைவண்டி கிடைத்தது. என்னைப் போல வேலையில் அக்கறை உள்ள ஆள் இல்லை என்று கூட்டத்தில் சொன்னார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி பக்கத்துக் கிளினிக்கில் துப்புரவு வேலை பார்க்கிறாள். டாக்டரையே நிறுத்தி வைத்துப் பேசுவாள். கேட்டு முடியும் வரை சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “கேட்டியளா, சாருக்கிட்ட நாளைக்கு நீங்க சொல்லல்லேங்கி நான் வந்து சொல்லுவேன். வேல போனா வீட்டுல இருந்து ஆருக்குக் குழி வெட்டப் போறிய?” என்றாள். அவள் சொன்னால் செய்வாள். அந்தப் பயத்தில் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள்தான் செங்கல் என்ற ஊரிலிருந்து மூன்றாவது குடும்பம் வருவதாக இருந்தது. அதுவும் போனால் ஆவணிக்கு வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. மானேஜர் காலையிலிருந்தே படகுத்துறையில் இளநீரும் மாலையுமாக நின்றார். எனக்குக் கொடுத்த வேலை பின்வாசலருகே ரோட்டில் நின்று, அவர்கள் கார் நேராக அங்கே வந்துவிட்டால் படகு ஏறும் இடத்துக்குத் திருப்பி அனுப்புவது.

கார் வந்தது. மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், அறுபதுக்கு மேல் வயது, முன்னால் இறங்கினார். கூட இரண்டு ஆண்கள். படகு அதோ அந்தப் பக்கம் என்று கையைக் காட்ட வேண்டியவன் நான். கை எழும்பவில்லை. ஒன்றும் பேசாமல் திரும்பிப் பின்வாசல் கேட்டைத் திறந்து உள்ளே நடந்தேன். அவர்கள் என் பின்னால் வந்தார்கள். வழி காட்டுகிறவன் முன்னால் போனால் எவரும் பின்னால் வருவார்கள்; அதற்குப் பேச்சு தேவையில்லை.

அந்தப் பின்புறம் மேடத்தின் வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்ட இடம். எந்த விருந்தாளி கண்ணிலும் படக்கூடாது என்று அதற்கு மட்டும் இரட்டை மூங்கில் வேலி. கேஸ் சிலிண்டர், துணி காயும் கயிறு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அங்கேதான். வேலையாட்களின் சாப்பாட்டுக்கென்று மிச்சமிருந்த மண்ணில் நான் வாழை வைத்திருந்தேன். வழியின் இரு பக்கமும் ஏத்தன் வாழை குலை தள்ளி, முட்டுக்கொடுத்த கம்பில் சாய்ந்து நின்றது. நடுவே இரண்டு கமுகு, ஒரு முருங்கை, ஒரு பிச்சிக் கொடி. வழி நேராக இருந்தது. சமையற்கட்டில் தாளிக்கும் வாசனை வந்தது.

அத்தை நின்றார். ஒரு குலையைக் கையால் தூக்கிக் கனம் பார்த்தார். “கொள்ளாமே. இந்தா, பந்தலுக்கு வாழ கெட்டாண்டாம், நட்டே வெச்சிருக்காவ,” என்று ஆண்களிடம் மெச்சிச் சொன்னார். அங்கேயே நின்று, சாப்பாட்டுப் பந்தி எங்கே, கார் எத்தனை நிறுத்தலாம் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். இத்தோடு திரும்பிப் போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று நான் வேண்டிக்கொண்டிருந்தபோது, காயலையும் பார்த்துவிடலாம் என்று அத்தை மூங்கில் வேலியைத் தாண்டினார்.

புல்வெளி ஓரத்தில் அவர் நின்ற நிலையைப் பின்னாலிருந்து பார்த்தேன். விரல் மடக்கி எண்ணுவது தெரிந்தது. எண்ணி முடித்துத் திரும்பினார்.

“எலே மக்கா, இது ஆரு செஞ்சது?”

அந்தக் கேள்வியை என்னிடம் வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. யார் யார் கிடக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இவர் செய்தவனைக் கேட்டார். “நானாக்கும் அக்கா,” என்றேன்.

“தலமாட்டுல தெங்கு வெச்சிருக்கு, வெளக்கும் வெச்சிருக்கு, சுடுகாட்டு மல்லியும் நட்டாச்சு. ஆளுதான் பாக்கியா?”

“மேடம் ஆளு படுக்க நீளத்துல மேடு கேட்டாவ,” என்றேன். “எனக்கு இந்த மேடுதான் தெரியும்.”

என் வாழ்க்கையில் தெரியாத ஒருவரிடம் ஒரே மூச்சில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேட்டில் உட்காரப் போய், உட்காராமல் எழுந்து, மறுபடி சிரித்தார். துறையில் காத்துக் காத்து நின்ற மானேஜர் மாலையோடு ஓடிவந்தது அப்போதுதான். அத்தை அவரிடம் மலையாளத்துக்கு மாறி, விரலால் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டி, இது இன்னது, இது இன்னது என்று விளக்கினார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஒரு நல்ல தமாஷைச் சொல்வது போலவே சொன்னார். மானேஜர் கடைசி வரைக்கும் கேட்டார். மாலை கையிலேயே இருந்தது. பிறகு அவர் கண் மூன்றாவது மேட்டுக்குப் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

அன்று சாயங்காலம் நான் அலுவலகத்தில் மண்வெட்டிக் கணக்கு ஒப்படைக்கப் போனபோது சுவரில் படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

செங்கல்காரர்கள் கல்யாணத்தை உறுதி செய்தார்கள். நிபந்தனைகள்: மேடு ஒன்றும் இருக்கக்கூடாது, வெள்ளைப் பூ இருக்கக்கூடாது, விருந்தினர் வாழைத் தோட்டம் வழியாகத்தான் வர வேண்டும், அதுவரை ஒரு குலையையும் வெட்டக்கூடாது. பதினொன்றையும் மூன்று நாளில் தட்டி மட்டமாக்கி, தென்னம்பிள்ளைகளையும் விளக்குகளையும் பெயர்த்து ஓரம் வைத்தோம். காய்க்காமல் பார்த்துக்கொண்ட தென்னைகளை விட்டுவிட்டு, காய்த்ததை வெட்டாமல் காவல் காத்தேன். கல்யாணம் நன்றாக நடந்தது. வேலையாட்களான எங்களுக்கு ஒரு மாதம் சோற்றோடு வாழைக்காய்த் தோரன் கிடையாது. அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் இரண்டு குடும்பங்கள் அடுத்த முகூர்த்தங்களுக்குக் கேட்டுப் போயின.

மேடம் பெங்களூரிலிருந்து போனில் கூப்பிட்டார். மானேஜர் ஸ்பீக்கரைப் போட்டு என் முன்னால் வைத்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். மேடம் திட்டவில்லை. தோட்டத்தில் இது போல வேறு ஏதாவது இருக்கிறதா, இருந்தால் தயவு செய்து சொல்லுங்கள் என்று மானேஜர் வழியாகக் கேட்டார். புதுமணத் தம்பதிகள் தங்கும் குடிலின் இரு பக்கமும் வெள்ளையாகப் பூத்து உதிரும் ஈழத்தலரி மரம் இரண்டு நிற்கிறது. எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்து வாசலிலும் இதே போல இரண்டு உண்டு. மேடம் அவற்றை எங்கிருந்தோ லாரியில் வேரோடு கொண்டுவந்தவர். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபரில் யோகா அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. பத்துப் பேரோடு மறுபடி வருவதாகவும், அந்தப் பதினொரு மேடுகளும் அப்படியே இருக்க வேண்டும் என்றும், உலகத்தில் எங்கும் அப்படி ஒரு அமைதியைத் தான் உணர்ந்ததில்லை என்றும் எழுதியிருந்தார். முதலாளிக்கு இரண்டு வருமானமும் வேண்டும். ஆவணிக்குத் தட்டுவது, கார்த்திகையில் எழுப்புவது என்று முடிவாயிற்று.

அதே வாரம் திருவனந்தபுரத்துக் கம்பெனியின் ஆள் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். புல் வெட்டும் மெஷின், தண்ணீர் தெளிக்கும் குழாய் எல்லாம் எழுதிக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு முறை பதினொன்றையும் எழுப்பி, புல் பதித்து, ஒரு முறை இல்லாமல் ஆக்க வேண்டும் என்று மானேஜர் சொன்னதும் பேனாவை மூடினார். தங்கள் ஆட்களுக்கு அந்த வேலை தெரியாது, மெஷினிலும் அது வராது என்றார். மானேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார். நிரந்தர வேலை என்று எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டினார். நான் மெதுவாகக் கையெழுத்துப் போட்டேன்.

கார்த்திகை பிறந்ததும் கயிறு பிடித்தேன். இந்தத் தடவை வேறு வடிவத்தில் செய்து பார்க்கலாம் என்று ஒரு மேட்டைக் கோணலாகப் போட்டேன். யோகா அம்மா அனுப்பிய பழைய படத்தைக் காட்டி மானேஜர் அதை மாற்றச் சொன்னார். அவர் இப்போதெல்லாம் புல்வெளிக்கு வாழைத் தோட்டம் வழியாகத்தான் வருகிறார், ஓரத்திலேயே நின்று பேசுகிறார், குரலும் தாழ்ந்திருக்கிறது. அவர் அறை ஜன்னலுக்கு நேராக மூன்றாவது மேடு வருகிறது. அதை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டார். பதினொரு பேர் வருகிறார்களே சார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், அஸ்ஸாம் பையன்களைக் கூப்பிட்டு, மேஜையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை பார்க்கிறார்.

நான் பதினொன்றையும் போட்டு முடித்தேன். அடுத்த ஆவணியில் தட்ட வேண்டும்.